சத்தா சாப்பிடுன்னு எல்லாரும் சொன்னாங்க, எவ்வளவுன்னு யாரும் சொல்லல

2023 ஆகஸ்ட்ல என் ஹீமோகுளோபின் 7.1. ரிப்போர்ட்ட வாங்கி பார்த்தப்ப அது எவ்வளவு கம்மின்னுகூட எனக்குப் புரியல, ஏழு இருக்கே பத்துக்கு ஏழுன்னா பாஸ்தானேங்கிற மாதிரி ஒரு நினைப்பு. லேப்ல இருந்த பொண்ணுதான் "அக்கா, தனியாவா வந்தீங்க? கொஞ்சம் உக்காந்துட்டு போங்க"ன்னு சேர் போட்டுச்சு. அப்பதான் லேசா பயம் வந்துச்சு. பொம்பளைங்களுக்கு 12-க்கு மேல இருக்கணுமாம். அந்த ஏழுக்கு வந்து சேர எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, அவ்வளவும் நானே காசு குடுத்து தேடிக்கிட்டது.

கதை 2022 மார்ச்ல ஆரம்பிக்குது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம், வேலை சென்னையில, ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ். அப்ப 64 கிலோ இருந்தேன். பெரியம்மா பொண்ணு கல்யாணத்துல ஒரு அத்தை எல்லார் முன்னாடியும் "என்னடி இப்படி ஊதிட்ட, மாப்ள பாக்க வேணாமா"ன்னு கேட்டுட்டாங்க. சிரிச்சு சமாளிச்சேன், ஆனா ராத்திரி பூரா தூக்கம் இல்ல. சென்னைக்கு திரும்பின மறுநாளே டயட். சோறு கட், இட்லி தோசை கட். பால் குடிச்சா முகத்துல பரு வரும்னு எதோ வீடியோல பார்த்துட்டு பால் தயிர் மோர் மூணையும் கட் பண்ணிட்டேன். நாங்க வீட்ல சைவம், முட்டைகூட கிடையாது. அதாவது பி12-ங்கிற வைட்டமினுக்கு எனக்குன்னு இருந்த ஒரே வழியையும் நானே அடைச்சுக்கிட்டேன், அது அப்ப தெரியல. காலையில ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்கா கேரட் சாலட், ராத்திரி ஒரு ஆப்பிள், நடுவுல நாலஞ்சு தடவ கிரீன் டீ. அஞ்சு மாசத்துல ஒம்போது கிலோ இறங்கிச்சு. ஆபீஸ்ல எல்லாரும் சூப்பர் சூப்பர்னாங்க, நானும் நம்பிட்டேன்.

அடுத்து முடி கொட்ட ஆரம்பிச்சுது. தலை குளிச்சா பாத்ரூம் சல்லடை அடைக்கிற அளவுக்கு. அழுதுட்டே ஒரு ஹேர் கிளினிக் போனேன், பேக்கேஜ், சீரம், ஷாம்பூன்னு 14,500 ரூபா. அதோட விட்டேனா, ஆன்லைன்ல முடிக்குன்னு வர்ற அந்த பயோட்டின் வைட்டமின் கம்மி, ஜெல்லி மிட்டாய் மாதிரி இருக்குமே, மூணு பாட்டில், ஒண்ணு 650. டப்பா மேல கொட்டை எழுத்துல சத்து சத்துன்னு போட்டிருக்கும், பின்னாடி பொடி எழுத்துல இருக்கற பட்டியல ஒருநாள்கூட நான் படிக்கல. ரொம்ப நாள் கழிச்சு படிச்சா, எனக்கு எது இல்லாம முடி கொட்டிச்சோ அந்த இரும்புச்சத்து அதுல ஒரு துளிகூட கிடையாது. பாட்டில் வாங்குறீங்கன்னா முன்பக்கத்த விட்டுருங்க, திருப்பி பின்னாடி எந்த சத்து எத்தன மில்லிகிராம்னு பாருங்க, உங்களுக்கு வேண்டியது அதுல இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க. பிஸ்கட், ஓட்ஸ் பாக்கெட்ல போடுற பர்சென்ட் ஆர்டிஏ வேற கதை (ஆர்டிஏன்னா ஒரு நாளைக்கு இவ்வளவு வேணும்னு பரிந்துரைக்கிற அளவு). அது 2000 கலோரி சாப்பிடுற பொதுவான ஒரு ஆளுக்கு கணக்கு போட்டது, பெரும்பாலும் கலோரி, கொழுப்பு, சர்க்கரை, உப்பு இதுக்குத்தான் போட்டிருப்பாங்க. உங்களுக்கு இரும்பு போதுமா, பி12 போதுமான்னு அது சொல்லாது.

2023 கோடையில ஒரு வினோதமான பழக்கம் ஒட்டிக்கிச்சு. ஐஸ் கட்டி மெல்லணும். ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு ட்ரே முழுக்க, நடுராத்திரி எந்திரிச்சுகூட. பிஜில கூட இருந்த பொண்ணு சத்தம் தாங்காம தலகாணிய காதுல அமுக்கிக்கும். அப்புறம் பச்சரிசி. பிஜி அடுப்படியில போற வர ஒரு கை அள்ளி வாயில போட்டுப்பேன். ஊருக்குப் போனப்ப அம்மா பார்த்துட்டு "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழ கொட்டும்டி"ன்னு திட்டினாங்க. எங்க பாட்டியும் அதையேதான் சொல்லும், எல்லா வீட்லயும் சொல்றதுதானே. நான் சிரிச்சுட்டு இன்னொரு கை எடுத்தேன். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. அரிசி, ஐஸ், சாக்பீஸ், விபூதி, மண்ணுன்னு சாப்பாடு இல்லாத ஒண்ண மெல்லணும்னு அடக்க முடியாத ஆசை வந்தா அது இரும்புச்சத்து கொறைஞ்சதுக்கான அறிகுறியா இருக்கலாம். நம்ம வீடுகள்ல அதுக்கு மழைய சொல்லி விட்டுட்டோம், யாரும் ரத்தம் டெஸ்ட் பண்ண சொல்லல.

ஜூன் வாக்குல வேளச்சேரி ஸ்டேஷன் படி ஏறுனா நெஞ்சு படபடன்னு அடிக்கும், பாதியில நின்னு போன் பாக்குற மாதிரி நடிப்பேன். ஹார்ட் ப்ராப்ளமோன்னு பயந்துட்டேன், எங்கப்பாவுக்கு ஹார்ட் இருந்துச்சு. யார்ட்டயும் சொல்லல, தனியா ஒரு ஆஸ்பத்திரி போய் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் எடுத்தேன், 6,800 ரூபா. எல்லாம் நார்மல், டென்ஷன் கொறைங்கன்னு அனுப்பிட்டாங்க. சந்தோசப்படணும்ல, எனக்கு கோவம்தான் வந்துச்சு, அப்ப எனக்கு பைத்தியமான்னு. வீட்டுக்கு வந்து ஆஃபர்ல ஒரு ஃபுல் பாடி செக்கப் புக் பண்ணேன், 2,499. அறுபது டெஸ்ட்டுன்னு போட்டிருந்தான். அந்த அறுபதுல ஃபெரிட்டினும் இல்ல, பி12-ம் இல்ல. ஹீமோகுளோபின் மட்டும் இருந்துச்சு, அதுதான் அந்த 7.1. அப்புறம் தனியா காசு கட்டி எடுத்ததுல ஃபெரிட்டின் 4, பி12 141, ரெண்டுமே ரொம்ப கம்மி. இரும்பு ஒடம்புல எவ்வளவு சேமிப்பு இருக்குன்னு காட்டுறதுதான் ஃபெரிட்டின், பேங்க் பேலன்ஸ் மாதிரி. என் அக்கவுண்ட்ல நாலு ரூபா. முதல்லயே சாதாரண ரத்த எண்ணிக்கை டெஸ்ட்டு ஒண்ணு பண்ணியிருந்தா சில நூறு ரூபாயில விஷயம் தெரிஞ்சிருக்கும்.

மாத்திரை ஆரம்பிச்சேன். ஆனா பாருங்க, இங்கதான் இன்னொரு கூத்து. பக்கத்துல இருந்த கிளினிக்ல இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எழுதிக் குடுத்தாங்க, எப்ப எப்படி போடணும்னு சொல்லல, நானும் கேக்கல, டோக்கன் 40 பேர் வெளிய நிக்கிறாங்க. ரெண்டையும் சேத்து காலையில பில்டர் காபியோட போட்டுட்டு ஆபீஸ் கிளம்புவேன் (டயட்ட விட்டதும் முதல்ல திரும்பி வந்தது காபிதான்). எட்டு வாரம் அப்படி. வயித்த பெரட்டும், மலச்சிக்கல், மோஷன் தார் மாதிரி கறுப்பா போகும், அதைப் பார்த்து ஒருநாள் அழுதேன், இரும்பு மாத்திரைக்கு கறுப்பா போறது சகஜம்னு யாராவது சொல்லியிருக்கலாம். எட்டு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா 7.6. அரை பாயிண்ட்டு! காபி, டீ, கிரீன் டீ மூணுமே இரும்ப குடல்ல கட்டிப்போட்டு உள்ள விடாது, கால்சியமும் அதே வேலைய செய்யும். நான் போட்ட மாத்திரைல பாதிக்கு மேல சாக்கடைக்குத்தான் போயிருக்கு. இப்ப நான் செய்றது, காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல எலுமிச்சம்பழ தண்ணியோட இரும்பு மாத்திர, காபி குறைஞ்சது ஒரு மணிநேரம் கழிச்சு, கால்சியம் ராத்திரி. வெறும் வயித்துல முடியலன்னா லேசா எதாவது சாப்பிட்டு போடலாம், பால் மட்டும் வேணாம்.

செப்டம்பர் கடைசியில பாத்ரூம்ல மயங்கி விழுந்து தாடையில ரெண்டு தையல். பிஜி பொண்ணுதான் ஆட்டோ பிடிச்சு கூட்டிட்டு போச்சு. அங்க இருந்த லேடி டாக்டர் ரிப்போர்ட்ட எல்லாம் தள்ளி வச்சுட்டு ரெண்டே கேள்வி கேட்டாங்க. "பீரியட்ஸ் எத்தன நாள் போகும்மா, ஒரு நாளைக்கு எத்தன பேட்?" அப்புறம், "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்ட, ஒண்ணுவிடாம சொல்லு." இதுக்கு முன்னாடி பார்த்த நாலு டாக்டரும் இத கேக்கல. நானும் சொல்லல, ரெண்டு பேர் ஆம்பள டாக்டர், கூச்சம். ஏழு நாள் போகும், முதல் மூணு நாள் ரெண்டு மணிநேரத்துக்கு ஒரு பேட், அது எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சுட்டிருந்தேன். ஸ்கேன்ல சின்னதா ஒரு ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பை கட்டி. மாசா மாசம் ஒரு பக்கம் ரத்தம் போயிட்டே இருக்கு, இன்னொரு பக்கம் நான் ஓட்ஸும் வெள்ளரிக்காயும். இதுல கூச்சமே படாதீங்க, அவங்க கேக்கலன்னாலும் நீங்களா சொல்லுங்க. அந்த ஒரு வரிய மறைச்சதுல என் ஒன்றரை வருஷம் போச்சு.

டிரிப்ஸ்ல இரும்பு ஏத்தினாங்க, ரெண்டு தடவ, ஒரு தடவைக்கு 4,200. பி12-க்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. பாதம் எரியுது, விரல் நுனி மரத்துப் போகுதுன்னு நான் ஆறு மாசமா செருப்ப குறை சொல்லிட்டிருந்தேன், அது பி12-ஆம். அந்த டாக்டர் சொன்ன ஒண்ணு முக்கியம். இரும்பு மாத்திரைல பெரும்பாலும் ஃபோலிக் ஆசிட் சேந்துதான் வரும், பி12 கம்மியா இருக்கறவங்க அத மட்டும் போட்டா ரத்த ரிப்போர்ட் தேறின மாதிரி காட்டும், உள்ள நரம்பு பாதிப்பு பாட்டுக்கு போயிட்டே இருக்கும். அதனால சைவக்காரங்க ரத்தசோகைன்னு போனா பி12-யும் சேத்து பாத்துருங்க.

அதுக்கப்புறம் என்னை டயட்டீஷியன்கிட்ட அனுப்பினாங்க. அந்த மேடம் ஒரு பேப்பர எடுத்து நடுவுல கோடு போட்டு, இடது பக்கம் எனக்கு ஒரு நாளைக்கு என்ன வேணும், வலது பக்கம் நான் என்ன சாப்பிடுறேன்னு எழுதினாங்க. அந்த பேப்பர் இன்னும் என் பர்ஸ்ல இருக்கு. இடது பக்க நம்பரெல்லாம் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2020-ல வெளியிட்ட ஆர்டிஏ கணக்கு, என்ஐஎன்னு சொல்ற ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்டது. (அந்த நிறுவனம் 1918-ல ஆரம்பிச்சது நம்ம குன்னூர்ல, பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஒரே ஒரு ரூம்ல, பெரிபெரி நோய ஆராயறதுக்காம். ஹைதராபாத் போனது 1958-ல. இவ்வளவு பக்கத்துல பொறந்த கணக்கு எனக்கு 31 வயசுலதான் கண்ணுல பட்டுச்சு.) 55 கிலோ இருக்கற பொம்பளைக்கு ஒரு நாளைக்கு இரும்பு 29 மில்லிகிராம், ஆம்பளைக்கு 19 போதும். புரோட்டீன் ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், எனக்கு 46 கிராம் பக்கம் வரும். கால்சியம் 1000 மில்லிகிராம், பி12 2.2 மைக்ரோகிராம், வைட்டமின் டி 600 யூனிட். வலது பக்கத்துல என் பழைய டயட்டுக்கு கூட்டினா இரும்பு நாலஞ்சு மில்லிகிராம்தான் தேறிச்சு, புரோட்டீன் 20 தாண்டல, பி12 எதிர்ல ஒரு முட்டை. திங்கிற முட்டை இல்ல, பூஜ்யம்.

எனக்கு ஆத்திரமா வந்துச்சு, ஏன்னா நான் போன்ல ஒரு ஆப் வச்சு தினமும் சாப்பாட்ட பதிஞ்சுட்டுதான் இருந்தேன். மேடம் அந்த ஆப்ப வாங்கி பார்த்துட்டு சிரிச்சாங்க. அதுல இருந்த டார்கெட் அமெரிக்கா கணக்கு, பொம்பளைக்கு இரும்பு 18. அங்க கறி நெறய சாப்பிடுறாங்க, கறில இருக்கற இரும்பு சுளுவா உள்ள போகும். நம்ம அரிசி பருப்பு கீரைல இருக்கறதுல பத்துல ஒரு பங்குகூட ஒடம்பு எடுத்துக்கறதில்ல, அதான் நம்ம ஊர் நம்பர் பெருசு. பழைய புத்தகத்துல 21-னு இருக்கும், அது 2010 கணக்கு. சைவமா இருந்துட்டு வெளிநாட்டு ஆப்ப நம்பாதீங்க, செட்டிங்ஸ்ல போய் நம்பர மாத்திக்கோங்க.

இன்னொன்னு, இந்த ஆர்டிஏ ஆரோக்கியமா இருக்கற ஆளுக்கானது. நூத்துக்கு 97, 98 பேருக்கு போதுமான அளவா கொஞ்சம் தாராளமா போட்டது, அதுல ரெண்டு மில்லிகிராம் கொறஞ்சா அன்னைக்கே நோய் வந்துராது. அதே சமயம் ஏற்கனவே காலியா போன என்ன மாதிரி ஆளுக்கு அத வச்சு நெரப்பவும் முடியாது, வைத்தியத்துக்கு டோஸ் வேற. என் மாத்திரையப் பார்த்துட்டு பிஜி பொண்ணு "அக்கா எனக்கும் டயர்டா இருக்கு, நானும் போடவா"ன்னு நாலு நாள் போட்டுருச்சு, நல்லவேளை பாத்துட்டேன். இரும்பு 45 மில்லிகிராம் தாண்டி டாக்டர் சொல்லாம தினமும் எடுக்கக்கூடாது, கூடிப்போனா அதுவும் வெஷம்தான். சின்ன புள்ளைங்க இருக்கற வீடுன்னா அந்த டப்பாவ எட்டாத ஒசரத்துல வைங்க.

வீட்ல சொல்ற வைத்தியத்தப் பத்தியும் சொல்லிடறேன். எங்கம்மா விஷயம் தெரிஞ்சதும் கிலோ கணக்குல பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் அனுப்பிட்டாங்க. பாசம்தான், ஆனா சிவப்பா இருக்கறதெல்லாம் ரத்தம் ஆகாது. பீட்ரூட்ல நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூட இரும்பு இல்ல, மாதுளைல அதவிட கம்மி. ஆப்பிள் வெட்டினா கறுக்குதுல்ல அது இரும்புதான்னு எனக்கு ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தாங்க, சுத்தப் பொய், அது காத்து பட்டு ஒரு என்சைம் பண்ற வேலை. நெசமா இரும்பு இருக்கறது எல்லாம் நம்ம ஊர் மளிகைக்கடை மூட்டைல இருக்கு. கொள்ளு நூறு கிராமுக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல, கம்பும் கருப்பு கொண்டக்கடலையும் ஆறு ஆறர, முருங்கக்கீரை நாலு நாலர. இதோட எலுமிச்சை, நெல்லிக்கா, கொய்யா எதாவது ஒண்ணு சேரணும், வைட்டமின் சி இருந்தாத்தான் அந்த இரும்பு நல்லா உள்ள போகும். நவராத்திரி சுண்டல்ல எலுமிச்ச பிழிஞ்சு மாங்கா துருவிப் போட்டாங்களே அந்தக் காலத்து ஆளுங்க, கணக்கு தெரிஞ்சா போட்டாங்க, ருசிக்குப் போட்டாங்க, ரெண்டும் ஒண்ணாப் போச்சு. சாப்ட ஒடனே காபி குடிச்சா மட்டும் அதுல நெறய வீணாப் போயிரும்.

இப்ப என் ஒரு நாள் இப்படித்தான் ஓடுது. காலையில கம்பு தோசை இல்லன்னா கேழ்வரகு கூழ் மோர் ஊத்தி. கேழ்வரகு இரும்புக்கு இல்ல, கால்சியத்துக்கு, நூறு கிராம்ல 350-க்கு மேல இருக்கு. மதியம் சோறு, ஆமா சோறேதான், ஆனா பழைய மாதிரி மலை மாதிரி குமிச்சு ஒரு கரண்டி சாம்பார் இல்ல. 2024-ல என்ஐஎன் போட்ட தட்டு கணக்குல 2000 கலோரிக்கு அரிசி கோதுமை சிறுதானியம் எல்லாம் சேத்து 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய் கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் தயிர் 300 மில்லி, கடலை எள்ளு மாதிரி கொட்டை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைக்கறதுக்கு முன்னாடி பச்சை எடை, நான் முதல் வாரம் வெந்த சோத்த நிறுத்து ஏமாந்தேன். நம்ம வீட்டு தண்ணி சாம்பார்ல 85 கிராம் பருப்பு ஒரு ஆளுக்கு வரவே வராது, அதனால நான் சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல் தனியா வச்சுக்கறேன். 300 ரூபாய்க்கு சமையல் தராசு ஒண்ணு வாங்கினேன், ஒரு மாசம் எல்லாத்தையும் நிறுத்தேன், அதுக்கப்புறம் கண்ணே அளந்துரும். முழு சைவத்துக்கு பி12 மட்டும் செடியில எங்கயும் கெடைக்காது, பால் தயிர்தான். 2.2 வரணும்னா தினம் அரை லிட்டர் பக்கம் வேணும், அது என்னால முடியல, அதனால டாக்டர் சொன்ன மாத்திரை தொடருது. முட்டை சாப்பிட சொன்னாங்க, யோசிச்சேன், இன்னும் மனசு வரல. சாப்பிடுறவங்களுக்கு எங்கள விட வழி நெறய இருக்கு.

காசு கணக்கு அக்கவுண்ட்ஸ்காரி நான் போடாம இருப்பேனா. ஹேர் கிளினிக் 14,500, பயோட்டின் கம்மி 1,950, ஹார்ட் டெஸ்ட் 6,800, பேக்கேஜ் 2,499, லீவு தீந்து 11 நாள் சம்பளம் பிடிச்சது 13,000. மொத்தம் 38,749, இதுல வைத்தியம்னு சொல்ல ஒரு ரூபா கிடையாது, டிரிப்ஸ் ஊசி எல்லாம் தனி. இதுல கொடும என்னன்னா இரும்பு மாத்திர ஆரம்ப சுகாதார நிலையத்துல ஃப்ரீயா குடுக்கறாங்க, 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் ஆசிட்டும் சேந்தது. நான் அது கர்ப்பிணிங்களுக்கு மட்டும்னு நெனச்சிருந்தேன். 2019-21 குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அப்ப நம்ம ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல பாதிப்பேரு. இத படிச்ச அன்னைக்கு நான் எங்க டேபிள்ல ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன், "யாராவது ஐஸ் மெல்றீங்களா"ன்னு கேட்டேன். ஒரு பொண்ணு மெதுவா கைய தூக்கிச்சு, ஐஸ் இல்லக்கா அரிசின்னு. அந்த சனிக்கிழமையே கூட்டிட்டு போய் டெஸ்ட் எடுக்க வச்சேன், 8.9.

எனக்கு டிரிப்ஸ் போட்டு அஞ்சு வாரத்துல 10.9, பிப்ரவரில 12.3. ஐஸ் ஆசை டிரிப்ஸ் போட்ட ரெண்டாவது வாரமே நின்னுபோச்சு, நான் கவனிக்கக்கூட இல்ல, ஃப்ரீசர்ல ட்ரே அப்படியே கெடக்குதேன்னு பிஜி பொண்ணுதான் சொல்லுச்சு. முடி கொட்டுறது நிக்க மட்டும் ஏழு மாசம் எடுத்துச்சு. எட கொஞ்சம் ஏறி 58, அத்தை இப்ப இளைச்சுட்டேன்னு சொல்றாங்க.